கற்பனைச் சூனியக்காரிகளின் சடங்குகளைக் காலத்துக்கேற்ப மாற்றி எழுதும் முறை

சூனியக்காரிகளின் சமூகம் ஒன்றைக் கற்பனையாகப் படைத்து, அதை இன்றைய நகரத்தில் உலவவிட விரும்பும் எழுத்தாளர் பலரும் முதலில் செய்வது, பாட்டியின் கையிலிருந்த சுவடியை வாங்கிக்கொண்டு பேத்தியின் கையில் கைபேசியைக் கொடுப்பதுதான். சுவடி அங்கே ஏன் இருந்தது என்ற காரணம் அந்த மாற்றத்தில் தொலைந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு சடங்கை எடுத்துக்கொண்டு, அதன் காரணங்களைப் பிரித்தறிவதிலிருந்து தொடங்குங்கள்.

இதைப் பழகுவதற்கு 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சூனியப் புட்டியைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. தமக்குச் செய்வினை வைக்கப்பட்டதாக நம்பியவர்கள், தங்கள் சிறுநீரையும் வளைத்த ஊசி, ஆணிகளையும் ஒரு ஜாடியில் அடைத்து அடுப்படியிலோ வாசற்படியின் கீழோ புதைத்தார்கள். சிலர் அதை நெருப்பிலிட்டுச் சூடாக்கினார்கள். வேதனை வினை வைத்தவருக்கே திரும்பும் என்பது நம்பிக்கை. 2004இல் லண்டனின் கிரீன்விச் பகுதியில் திறக்கப்படாமலே கிடைத்த ஒரு ஜாடியில் முடி, நகத்துண்டுகள், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் ஆகியவை இருந்தன. சிறுநீரில் புகையிலையின் எச்சமும் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதுப் பழக்கம் ஒன்று, எவரும் நினைத்துச் சேர்க்காமலே, உடலின் வழியாகச் சடங்குக்குள் புகுந்திருக்கிறது. உங்கள் கதையிலும் மாற்றம் முதலில் இப்படியே நுழையட்டும். இன்றைய பாத்திரத்தின் புட்டியில் சர்க்கரை நோய் மாத்திரையின் எச்சம் கலந்திருக்கும். அது பலிக்குமா, கெடுக்குமா என்று ஊரின் மூத்த சூனியக்காரி கவலைப்படட்டும்.

அடுத்து இடத்தைப் பாருங்கள். எப்போதும் திறந்தே கிடக்கும் புகைபோக்கி வழியே தீமை இறங்கிவிடும் என்ற அச்சமே புட்டியை அடுப்படிக்குக் கொண்டுவந்தது என்பது ஒரு விளக்கம். ஒன்பதாவது மாடி வீட்டில் அப்படித் திறந்திருக்கும் வழி எது என்று கேட்டால், சமையலறைப் புகையை வெளியேற்றும் விசிறியின் துளை கண்ணில் படும். புட்டியைச் சூடாக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்ல சிக்கல் கிடைக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்ஜாடி சூடேறாது; காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் சூடேறும். இளையவள் ஜாடியை இரும்புச் சட்டியில் வைத்துச் சூடாக்குகிறாள். தீயைத் தொடாத புட்டி யாரையும் சுடாது என்கிறாள் மூத்தவள். இந்த வாக்குவாதத்தை அவசரமாக முடித்துவிடாதீர்கள். அந்தச் சமூகம் எதைத் தெய்வமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது இதில்தான் வெளிப்படும்.

கருவிகளைவிடச் சட்டமும் பணமும் மந்திரத்தை ஆழமாக மாற்றும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தில் 1604ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்துக்குத் தூக்குத்தண்டனை வரை விதித்தது. 1735ஆம் ஆண்டுச் சட்டமோ, மந்திர ஆற்றல் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதையே ஏமாற்றாகக் கருதித் தண்டித்தது. அது 1951இல் நீக்கப்பட்ட பிறகு, விக்கா என்ற நவீனச் சூனிய மதத்தைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் போன்றவர்கள் தங்களைச் சூனியக்காரர்கள் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார்கள். ருமேனியாவில் 2011இல் சூனியத் தொழிலுக்கும் வருமான வரி வந்தபோது, கோபமடைந்த சூனியக்காரிகள் அரசைச் சபித்து மந்திர ஆற்றல் கொண்டதாக நம்பப்படும் மாண்ட்ரேக் செடியை டான்யூப் ஆற்றில் வீசினார்கள். எனவே உங்கள் சமூகம் அஞ்சுவது தூக்குமரத்துக்கா, வழக்குக்கா, வரி அலுவலகத்துக்கா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மந்திரத்தை முணுமுணுப்பதா, உரக்கச் சொல்வதா, ரசீது கொடுப்பதா என்பது அதைப் பொறுத்தது.

இவை முடிவான பிறகு, மாற மறுக்கும் ஒரு அம்சத்தை மட்டும் விட்டுவையுங்கள். புட்டியில் அது நகமாக இருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மகன் தன் புகைப்படத்தை அனுப்புகிறான். தாயோ நகத்தை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பச் சொல்கிறாள். அந்த உறை வந்து சேரும்வரையிலான நாட்களை முதல் அத்தியாயமாக எழுதுங்கள்.