காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: மலையில் இருக்கும் பெரியவர்களைக் கவனிக்கும் முறை

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருக்கும் அம்மா அப்பாவைப் போனில் விசாரிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "காய்ச்சல் இருக்காம்மா?" "இல்லப்பா." "சரி, அப்புறம் பேசறேன்." இந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் சரியாகத் தெரிவதே இல்லை.

காரணம் இதுதான். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் பக்குவப்படுவது அங்கேதான். பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கிக் கொழுப்பாக மாறிக்கொண்டே வரும். அறுபதைத் தாண்டும்போது புது டி செல் வரத்து மிகக் குறைவு. நாற்று வைக்காமல் பழைய செடியிலேயே கொழுந்து பறிக்கும் தோட்டம் மாதிரி ஆகிவிடுகிறது உடம்பு. பழைய கிருமி வந்தால் ஓரளவு சமாளிக்கும், புதுக் கிருமிக்குத் திணறும். இன்னொரு பக்கம், மூப்படைந்த செல்கள் சாகாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கசியவிடுகின்றன. ஓயாத இந்த லேசான அழற்சிக்கும் இதய நோய், சர்க்கரை, தசை கரைவது எல்லாவற்றுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் நிஜமாகக் கிருமி வரும்போது மூளைக்குப் போக வேண்டிய தகவல் பலவீனமாகப் போகிறது. மூளையும் மெதுவாகத்தான் சூட்டை ஏற்றுகிறது.

அதனால் முதல் வேலை, அவர் நன்றாக இருக்கும்போதே அவருடைய வழக்கமான சூட்டைத் தெரிந்துகொள்வது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில், நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்து காலண்டரிலேயே குறிக்கச் சொல்லுங்கள். சூடாக டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். பல பெரியவர்களுக்கு 97-க்குக் கீழேதான் இருக்கும். அந்த வழக்கமான அளவைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலே அது காய்ச்சல், தெர்மாமீட்டர் 99 காட்டினாலும் சரி. 100 வந்தால் யோசிக்கவே வேண்டாம். சூடு இறங்கி ஆளும் சோர்ந்து கிடந்தால் அது இன்னும் மோசமான அறிகுறி. பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 98 காட்டுபவருக்கு அங்கே சில புள்ளிகள் குறையலாம். அவரவர் வழக்கமான எண்ணைக் குறித்து வையுங்கள்.

போனில் என்ன கேட்பது? காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறினீர்களா, பக்கத்து வீட்டு அக்கா வந்தாரா, என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒரு பாட்டி, காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. காலையில் டீயை வேண்டாம் என்றார், மகளைத் தன் அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவுதான். வயசாயிடுச்சு என்றார்கள் வீட்டில். மூச்சை எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 28. நிமோனியா. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் அதை வயதின் மேல் போடாதீர்கள். முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 25-ஐத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்கி பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருக்கும். டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கும், அவை தளர்ந்ததும் வெளியே வரும். உடம்பின் ஒரே பக்கத்தில் எரிச்சல், பிறகு கொப்புளம். காவி பூசி அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கம் பழைய பழக்கம், அதில் வைரஸ் அடங்காது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். தள்ளிப்போட்டால் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கலாம். 50 வயதுக்கு மேல் போடும் தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை அதிகம்தான், முடிந்தவர்கள் போடுங்கள். உள்ளே அடங்கியிருக்கும் காசநோயும் இப்படித்தான் வயதான காலத்தில் தலைதூக்கும். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.

தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் 1907-லேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட மலையில் இருந்துகொண்டு தடுப்பூசி குழந்தைகளுக்குத்தான் என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒரு முறை வேண்டும், வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். நிமோனியா தரும் ஒரு முக்கியக் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி எது, எத்தனை தவணை என்பதை டாக்டரிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் 65 தாண்டிய 276 பேருக்கு ஃப்ளூ ஊசி போட்டு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மதியத்துக்குப் பிறகு போட்டவர்களைவிடக் காலையில் போட்டவர்களுக்கு மூன்றில் இரண்டு வகை வைரஸுக்கு எதிர்ப்பு அதிகம் உருவானது. காலையிலேயே கூட்டிப்போங்கள், செலவா என்ன?

ராத்திரிக்கு டீயும் வர்க்கியும் போதும் என்று படுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இங்கே ஏராளம். அவரை, பட்டாணி, முட்டை, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். பனிக்காலத்தில் மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. புகை மூச்சுக்குழாயைக் கெடுக்கும், கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். வெயில் வந்ததும் நடக்கச் சொல்லுங்கள். 2018-ல் பிரிட்டனில் 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிள் ஓட்டிகளைச் சோதித்தபோது, அவர்களின் தைமஸிலிருந்து வரும் புது டி செல்கள் இளைஞர்களுக்கு நிகராக இருந்தன. அது பல வருடப் பழக்கம். நம் ஆட்கள் ஏற்றம் இறக்கமாக நடக்கிறார்களே, முழங்கால் விடும்வரை அதை விடாதிருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கையில் எடுத்துப் போங்கள். "காய்ச்சல் இல்லை டாக்டர்" என்று தொடங்காதீர்கள். "வழக்கமாக 96.8, இன்றைக்கு 99. நேற்று மதியத்திலிருந்து சாப்பிடவில்லை, பேச்சு குழம்புகிறது" என்று சொல்லுங்கள். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையையும் காட்டுங்கள், அது எதிர்ப்புச் சக்தியையும் காய்ச்சலையும் சேர்த்தே அமுக்கும்.