விழுந்த மரங்களிலிருந்து காற்றைப் படிப்பது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாளே குமரி மாவட்டத்தின் தோட்டங்களிலும் சாலைகளிலும் மரம் அறுக்கும் இயந்திரங்களின் ஓசை எழுந்துவிடுகிறது. வழியை மறித்துக் கிடக்கும் அயினியையும் ரப்பரையும் அகற்றாமல் ஆம்புலன்சோ மின்வாரிய ஊழியரோ உள்ளே வர முடியாது என்பதால் அந்த அவசரம் நியாயமானதே. ஆனால் மரம் எந்தத் திசை நோக்கி விழுந்தது, வேரோடு சாய்ந்ததா நடுவில் முறிந்ததா, எந்த மரத்தின்மேல் எந்த மரம் கிடந்தது என்னும் விவரங்கள் அனைத்தும் அந்த இரண்டு மூன்று நாட்களில் விறகாகிப் போகின்றன. வந்தது புயலா, இடிமேகத்திலிருந்து கீழே கொட்டிய காற்றா, டொர்னடோ எனப்படும் கடுஞ்சுழலா என்று அதன் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாலையை மறிக்காத மரங்களை மட்டுமாவது அரைநாள் அப்படியே விட்டுவைத்து, அந்தத் தடங்களைப் பதிவு செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இந்தப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டொர்னடோவின் காற்று வேகத்தை நேரடியாக அளக்கும் வாய்ப்பு மிக அரிதாகவே கிடைக்கிறது. சுழல் ஒன்றின் பாதை பெரும்பாலும் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரையே அகலம் கொண்டது. அந்தக் குறுகிய பாதையில் காற்றுமானி ஒன்று நின்றிருப்பதும், நின்றிருந்து உடையாமல் தப்புவதும் எப்போதாவது நடக்கக்கூடியவை. அதனால்தான் ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெட்சுயா ஃபுஜிட்டா 1971இல் உருவாக்கிய அளவுகோல், காற்றை அளக்காமல் காற்று விட்டுச்சென்ற சேதத்தை அளந்தது. 2007 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள அதன் திருத்திய வடிவத்தில் வீடு, பள்ளிக்கூடம், மின்கம்பம், மரம் என்று 28 வகைச் சேதக் குறிகள் உள்ளன. அவை எந்த அளவுக்குச் சிதைந்தன என்பதைக் கொண்டு, மணிக்கு சுமார் 105 கிலோமீட்டரில் தொடங்கும் பூஜ்ய நிலை முதல் 322 கிலோமீட்டரைத் தாண்டும் ஐந்தாம் நிலை வரை வேகம் கணிக்கப்படுகிறது. ரேடாரும் முழு விடை தருவதில்லை. பூமியின் வளைவினால், தொலைவு கூடக்கூட ரேடார் கற்றை தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகிறது. திருவனந்தபுரத்து ரேடார் நம் மேகங்களைக் காணும்போதும், தரையை ஒட்டிச் சில நிமிடங்களே நீடித்த சிறு சுழல் அதன் பார்வைக்குக் கீழே கடந்துவிடக்கூடும். எஞ்சும் சான்று தரையில் கிடப்பது மட்டுமே.

தோட்டத்துக்குள் நுழையும் முன்

பதிவு எவ்வளவு முக்கியமானாலும் உயிருக்குப் பிறகுதான். ரப்பர் கொப்புகளுக்கும் தென்னை ஓலைகளுக்கும் இடையே அறுந்து கிடக்கும் மின்கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊரில் மின்சாரம் இல்லை என்பதால் கம்பி செத்துவிட்டது என்று கருதிவிடக் கூடாது. அருகிலுள்ள வீட்டில் முறையற்று இணைத்த ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வரலாம், வாரியமும் எந்த நேரத்திலும் இணைப்பைத் திருப்பித் தரலாம். கம்பியைக் கண்டால் விலகி நின்று மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கோ மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்கோ தெரிவியுங்கள். முழுதும் முறியாமல் வில்லாக வளைந்து நிற்கும் ரப்பர் மரத்தின் அருகே செல்லாதீர்கள். தேர்ந்த அறுப்பாளரைக்கூட அது அடித்து வீழ்த்தும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டுகளைக் கையாள நேர்ந்தால், தூசு பறக்காதபடி தண்ணீர் தெளித்து, முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும்.

அம்புக்குறி வரைபடம்

தேவையானவை ஒரு தாள், பென்சில், திசைகாட்டி உள்ள கைபேசி ஆகியவை மட்டுமே. தோட்டத்தின் எல்லை, வழி, வீடு, கிணறு ஆகியவற்றைத் தாளில் ஏறத்தாழக் குறித்து, வடக்கு எது என்று எழுதிக்கொள்ளுங்கள். விழுந்த ஒவ்வொரு மரத்தின் வேர்ப்பக்கம் நின்று நுனியை நோக்கிக் கைபேசியைப் பிடித்து, காட்டும் பாகையைக் குறித்து, வேரிலிருந்து நுனிக்கு ஓர் அம்பு வரையுங்கள். நம் மாவட்டத்தில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் மிகச் சிறிதளவே வேறுபடுவதால் திருத்தம் தேவையில்லை. ஆனால் வண்டி, இரும்புக் கேட், தகரக் கூரை ஆகியவற்றின் அருகே நின்றால் திசைகாட்டி பிழையாகக் காட்டும். மரம் விழுந்த திசை காற்று சென்ற திசை. வானிலைத் துறையோ காற்றை அது புறப்பட்டு வரும் திசையால் அழைக்கிறது. மேற்கு நோக்கி விழுந்த தென்னை கீழைக்காற்றுக்குச் சாட்சி என்பதை மறக்காமல் எழுதுங்கள். பதிவுகளில் அதிகம் குழப்பம் நேர்வது இந்த இடத்தில்தான்.

எல்லா மரமும் ஒரே மாதிரிச் சாட்சி சொல்வதில்லை. குலை தள்ளிய ஏத்தனும் செவ்வாழையும் குலையின் பாரம் இழுக்கும் பக்கமே சாய்ந்துவிடுவதுண்டு. மிதமான காற்றுக்கே அவை விழுவதால் காற்றின் வலிமையை அறிய அவை உதவா. குலை தள்ளாத வாழை திசையைச் சரியாகச் சொல்லும். மலைச்சரிவில் வரிவரியாக நட்ட ரப்பர், மண் ஊறிய நிலையில் சரிவின் கீழ்ப்பக்கமே விழும். ஒன்று அடுத்ததைத் தள்ளி வரிசை முழுவதும் சாய்ந்திருந்தால் முதலில் விழுந்ததன் அம்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வேர் அழுகியிருந்தவை, முன்பே சாய்ந்து நின்றவை ஆகியவற்றுக்குத் தனி அடையாளம் இடுங்கள். சமநிலத்தில் நின்ற, நல்ல வேருள்ள, நடுத்தண்டில் முறிந்த மரமே சிறந்த சாட்சி. முறுக்கிப் பிளந்த தண்டைக் கண்டதும் சுழல்காற்றுதான் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். கொப்புகள் ஒரு பக்கமாகவே அடர்ந்திருக்கும் மரத்தை நேர்க்காற்றும் முறுக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. விழாமல் நின்ற மரங்களையும், சாயாத மரச்சீனித் தோட்டத்தையும் கட்டாயம் குறியுங்கள். சேதம் எங்கே நின்றது என்பது எங்கே தொடங்கியது என்பதற்குச் சமமான தகவல்.

முப்பது நாற்பது அம்புகள் சேர்ந்ததும் வரைபடம் பேசத் தொடங்கும். அகன்ற பரப்பில் எல்லா அம்புகளும் ஏறக்குறைய ஒரே திசையில் இணையாகக் கிடந்தால் அது நேராக அடித்த காற்று. ஓரிடத்திலிருந்து விசிறிபோல் வெளிநோக்கி விரிந்திருந்தால், இடிமேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையில் மோதிப் பரவிய காற்று. 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் ஃபுஜிட்டா களஆய்வு செய்தபோது, மரங்கள் மையத்திலிருந்து நாலாபுறமும் விரிந்து கிடந்ததைக் கண்டிருந்தார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே நாளில் 148 டொர்னடோக்கள் தோன்றிய பிறகு வானிலிருந்து சேதத்தைப் பார்வையிட்டவர், ஒரு காட்டில் அதே அமைப்பைக் கண்டு, இது சுழலின் வேலையல்ல, கீழிறங்கிப் பரவும் காற்றின் வேலை என்று உணர்ந்தார். விமானங்கள் தரையிறங்கும்போது வீழ்ந்த பல விபத்துகளுக்குக் காரணம் அந்தக் காற்றே என்பது பின்னர் நிறுவப்பட்டது.

டொர்னடோவின் தடம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது குறுகியது, நீண்டது. ஓரத்தில் நின்று பார்த்தால் சில தப்படிக்கு அப்பால் வாழையிலை கூடக் கிழியாமல் நிற்கும். இரு ஓரங்களிலும் உள்ள மரங்கள் நடுக்கோட்டை நோக்கி உள்முகமாகச் சாய்ந்திருக்கும். நடுவே உள்ளவை சுழல் நகர்ந்த திசையில் விழுந்திருக்கும். அவற்றினிடையே எதிர்த்திசையிலும் சில கிடக்கும். வடகோளத்தில் பெரும்பாலான சுழல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், நகர்வின் வலப்பக்கத்தில் சுழலின் வேகமும் நகர்வின் வேகமும் கூடி, அப்பக்கச் சேதம் கடுமையாக இருக்கும். இந்த அமைப்பு தெளிவாகத் தெரியாவிட்டால் டொர்னடோ என்று எழுதாதீர்கள்.

புயலின் கையெழுத்து

2017 நவம்பர் 30 அன்று நம் மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கி, குமரிமுனைக்குத் தெற்கே கடல் வழியாக மேற்கு நோக்கிச் சென்ற புயல். பின்னர் அரபிக்கடலில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் பெற்ற அது, நம்மைக் கடந்தபோது தன் உச்ச வலிமையை எட்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும் ஊறிய மண்ணில் ரப்பரும் தென்னையும் வாழையும் பெருமளவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. சேதத்தின் அளவு காற்றின் வேகத்தை மட்டும் காட்டுவதில்லை, மண்ணின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு இல்லை. முந்தைய இரண்டு நாள் மழை எப்படி இருந்தது என்பதையும் உங்கள் பதிவில் எழுதுங்கள்.

புயலின் காற்று மணிக்கணக்கில் மெல்லத் திசை மாறும். 1857இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட் வகுத்த விதிப்படி, வடகோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். தெற்கே கடலில் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கும் புயலில் நமக்கு முதலில் வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று அடித்து, பின் கிழக்காகி, தென்கிழக்குக்குத் திரும்பும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களில் இந்த வரிசை எழுதப்பட்டிருக்கும்: அடியில் கிடப்பது முதலில் விழுந்தது, மேலே கிடப்பது பிறகு விழுந்தது. இரண்டுக்கும் இரண்டு நிற அம்பு இடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியில் மலைகளே காற்றைத் திருப்பிவிடுவதால், தோவாளைப் பக்கத்து அம்புகளைக் கல்குளத்தாருடைய அம்புகளோடு அப்படியே ஒப்பிட வேண்டாம்.

இந்த முறை முழுவதும் தரைக்கு மட்டுமே உதவும் என்பதைக் கனத்த மனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒக்கியின் ஆகப்பெரிய இழப்பு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்களுடையது. கடல் எந்தத் தடத்தையும் வைத்துக்கொள்வதில்லை. கரையோர ஊர்களில் பதிவு செய்பவர்கள், எந்தப் படகு எப்போது புறப்பட்டது, எத்தனை பேர், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு, கடைசியாக யாரிடம் வயர்லெஸ்ஸில் பேசியது என்பவற்றைக் காற்று எழும்பும்போதே எழுதிவைத்து, கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். மேகத்திலிருந்து இறங்கித் தண்ணீரைச் சுழற்றும் நீர்ச்சுழலைக் கண்டவர்கள் நேரத்தையும் திசையையும் குறித்துவைத்தால் அதுவும் பயன்படும்.

வீடுகள், சிதறிய பொருட்கள்

கூரை எங்கே முதலில் திறந்தது என்று தேடுங்கள். ஓட்டு வீட்டில் பெரும்பாலும் இறவாரமும் முகடும் முதலில் போகும். தகடு வேய்ந்த வீட்டில் ஆணி பிடுங்கியதா, தகடு கிழிந்ததா, சட்டத்தோடு எழும்பியதா என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். காற்று வந்த பக்கத்துக் கதவோ ஜன்னலோ உடைந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றே கூரையைத் தூக்கியிருக்கக்கூடும். அழுத்தம் சமமாகட்டும் என்று காற்றின்போது ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லும் பழைய அறிவுரை தவறானது. எல்லாவற்றையும் மூடிவைப்பதே சரி. அமெரிக்க அளவுகோலின் வீட்டுக் குறிகள் அந்நாட்டுக் கட்டடங்களைக் கொண்டு வகுத்தவை என்பதால், நம் வீட்டைப் பார்த்து இது இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எண் போடாமல், நடந்ததை நடந்தபடி எழுதுவதே நேர்மையானது.

பறந்துபோன பொருள் எங்கே கிடைத்தது என்பதும் நல்ல தடயம். 2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா பகுதியைத் தாக்கிய டொர்னடோக்களில் பறந்த ஒரு புகைப்படம் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் கிடைத்தது. நம் தோட்டங்களில் அத்தகைய தொலைவு நேராது. எனினும் யாருடைய தகடு யாருடைய வயலில் கிடந்தது என்பதைத் தப்படியில் அளந்து எழுதினால் போதும்.

படம், சாட்சி, விண்ணப்பம்

ஒவ்வொரு சேதத்தையும் மூன்று தொலைவிலிருந்து படம் எடுங்கள்: சுற்றுப்புறம் தெரியும்படி, முழு மரமும் தெரியும்படி, முறிவு தெரியும்படி. அளவு விளங்குவதற்காக ஒரு வெட்டுகத்தியை முறிவின் அருகே வையுங்கள். விடியுமுன் பால்வெட்டுக்குப் போனவர்களும் கடற்கரையில் வலை பார்த்திருந்தவர்களும் தரும் தகவல் விலைமதிப்பற்றது. அவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காமல் தனித்தனியே கேளுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் ஒருவர் சொன்ன நேரமே எல்லோருடைய நேரமும் ஆகிவிடும். மின்சாரம் போனது, கோயில் மணி, தேவாலய மணி, பாங்கு ஆகியவற்றோடு இணைத்துக் கேட்டால் நேரம் துல்லியமாகும்.

இதே பதிவு நிவாரணத்துக்கும் பயன்படும். பேரிடர் நிவாரண விதிகளின்படி பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் மானியம் கிடைக்கும். ஆகவே விழுந்த வாழைகளை மட்டுமன்றித் தோட்டத்தில் நின்ற மொத்த வாழைகளையும் எண்ணி, சென்ட் கணக்கையும் புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டில் சில வகை இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பதால் காப்பீடு செய்தவர்கள் வரைபடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வரைபடத்தின் ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒன்றைத் தோட்டக்கலை அலுவலகத்திலும், ஒன்றைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும் கொடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள், மூலப் படத்தைக் கைபேசியிலிருந்து நீக்காமல் வேறொரு கணினியிலும் சேமித்துவையுங்கள்.