பழைய பவள நகை வாங்கும் முன்

பழைய பவள நகை கைக்கு வந்தால் முதலில் ஒரு லென்ஸ் எடுங்கள். அசல் செம்பவளத்தில் மெல்லிய கோடுகள் இணையாக ஓடும். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். அதிகம் ஏமாற்றுவது சாயம் ஏற்றிய மூங்கில் பவளம், அதாவது விலை குறைந்த வேறொரு பவள வகை. அதில் கோடுகள் தடிப்பாக இருக்கும், மணியின் துளையோரத்தில் நிறம் திட்டாகத் தேங்கியிருக்கும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள டோரே டெல் கிரேகோவில் 19ஆம் நூற்றாண்டில் கையால் செதுக்கிய துண்டுகளைச் சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்த வேலைப்பாட்டுக்காகத்தான். அதனால் சின்னக் கீறலைப் பார்த்துப் பதறி பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள், செதுக்கலின் கூர்மை மழுங்கிப் போகும். அப்புறம், பவளம் என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் அரிக்கும். வினிகர், எலுமிச்சை, சென்ட் எதுவும் படக்கூடாது. லேசான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.