தீப்பட்ட தேக்கை உடனே வெட்டலாமா?

ஜவ்வாது மலை, அமிர்தி, பேரணாம்பட்டுப் பக்கத்துக் காடுகளில் மாசி பிறப்பதற்குள் சருகு மெத்தையாகச் சேர்ந்துவிடுவதால், காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்போர் பொங்கல் முடிந்த கையோடு தீத்தடுப்பு வேலையைத் தொடங்க வேண்டும். காட்டுப் பக்கத்து வரப்பை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்துக்காவது, சருகையும் காய்ந்த புல்லையும் மண் தெரியும்வரை வழித்தெடுங்கள். உண்ணிச்செடிப் புதரையும் களையுங்கள், ஏனெனில் தரையில் ஓடும் தீ அதைப் பற்றிக்கொண்டுதான் கிளைக்கு ஏறுகிறது. கூட்டிய சருகை அங்கேயே கொளுத்தும் வழக்கம் வேலூர் வெயிலில் வம்பை விலைக்கு வாங்குவதாகும். குழியில் இட்டு மட்கவிடுங்கள்.

தீ வந்துவிட்டால் வனத்துறைக்கும் 112 எண்ணுக்கும் சொல்லிவிட்டு, சரிவில் தீக்கு மேற்புறம் நிற்காமல் விலகுங்கள். மேல்நோக்கித்தான் தீ வேகமாகப் பாயும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் 20 பேருக்கு மேல் இறந்த காட்டுத்தீயும் மலைச்சரிவில்தான் பரவியது. ஆஸ்துமா உள்ளவர்களையும் முதியவர்களையும் புகை படாத இடத்துக்கு அனுப்புங்கள். ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் தடுக்கும்.

தீ அணைந்த மறுநாளே வியாபாரி வந்து, கருகிய மரத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அவசரப்பட வேண்டாம். அடிமரத்தின் நான்கு பக்கமும் கத்தியால் விரல்நக அளவு பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே ஈரமாக வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது, பழுப்பேறிக் காய்ந்திருந்தால் செத்துவிட்டது. பாதிச் சுற்றளவுக்கு மேல் உயிர் இருக்கும் மரத்தை ஒரு மழைக்காலம் விட்டுவைக்கலாம். இளந்தேக்கு மேலே கருகினாலும் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். மெல்லிய பட்டையுள்ள மாங்கன்று பெரும்பாலும் தேறாது.

தீயில் நலிந்த மரத்தைத்தான் துளைப்பான் வண்டு தேடி வருகிறது. அடியில் புது மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே அந்த வண்டின் புழு குடைகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தை மட்டும், வனத்துறையின் அனுமதி வேண்டுமா என்று கேட்டறிந்து, வண்டு வெளியேறுமுன் வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இலைப்புழுவின் கதை வேறு. தளிர்க்கும் பருவத்தில் ஒரே வாரத்தில் தேக்கை மொட்டையாக்கும் புழு மரத்தைக் கொல்வதில்லை, மரம் மறுபடியும் தழைக்கும், இழப்பு வளர்ச்சியில்தான். நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு, இளமரங்களின் கன அளவு வளர்ச்சியில் ஏறத்தாழ 44 சதவீதம் இதனால் குறைவதாகக் கண்டது. உயரமான மரத்துக்கு மருந்தடித்தால் தேனீயும் புழுவைத் தின்னும் குளவியும்தான் முதலில் சாகும். ஆகவே நாற்றங்காலிலும் கைக்கெட்டும் கன்றிலும் புழுவைப் பொறுக்கி அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.