வடசென்னையில் தீத்தடுப்புப் பணி எடுக்கும் ஒப்பந்ததாரர் பெற வேண்டிய உரிமங்களும் அனுமதிகளும்

தண்டையார்பேட்டையின் எண்ணெய் முனையங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்த் துறைமுகம், மாதவரத்துக் கிடங்குகள், மண்ணடியும் சௌகார்பேட்டையும் கொண்ட நெருக்கமான கடைத்தெருக்கள், பெரம்பூரிலும் கொளத்தூரிலும் எழுந்துவரும் அடுக்குமாடிகள் என்று தீயின் அபாயம் பல வடிவங்களில் அடுத்தடுத்து இருக்கும் பகுதி வடசென்னை. இங்கே ஹைட்ரண்ட் (தீயணைக்கும் குழாயை மாட்டும் நீர்முனை), ஸ்ப்ரிங்க்ளர் (கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் கருவி), தீ எச்சரிக்கை அமைப்பு ஆகியவற்றைப் பொருத்தும் தொழிலைத் தொடங்குபவர் முதலில் கேட்பது, 'ஃபயர் லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா' என்பதுதான். போதாது. பேச்சுவழக்கில் ஃபயர் லைசென்ஸ் என்று சொல்லப்படுவது, தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985-இன்படி கட்டடத்தின் உரிமையாளரோ அங்கே தொழில் நடத்துபவரோ தம் பெயரில் பெறும் உரிமம். அது ஒப்பந்ததாரரின் தகுதிக்குச் சான்றாகாது. ஒப்பந்ததாரருடைய வேலையோ குழாய், மின்சாரம், அழுத்த வாயு எனப் பிரிகிறது. அந்தப் பிரிவுகளுக்குக் கேள்வி கேட்கும் அலுவலகங்களும் வேறுவேறு. எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பதை விலைப்புள்ளி கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நிறுவனத்துக்கான அடிப்படைப் பதிவுகளில் சிக்கல் அதிகமில்லை. பொருளையும் கூலியையும் சேர்த்துச் செய்துதரும் ஒப்பந்தப் பணி ஜி.எஸ்.டி. கணக்கில் சேவையாகவே கொள்ளப்படுவதால், ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆட்கள் 10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ., 20 பேர் ஆனதும் வருங்கால வைப்புநிதி. பட்டறைக்கும் கிடங்குக்குமான தொழில் உரிமத்தைச் சென்னை மாநகராட்சியின் உரிய மண்டல அலுவலகத்தில் பெற வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் என்னும் முதல் ஆறு மண்டலங்களில் பட்டறை எதில் அடங்குகிறது என்பதைச் சொத்துவரி ரசீதே காட்டிவிடும்.

மின் உரிமத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்தொழிலில் மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். தீயணைப்பு பம்பின் பேனல், அதற்கு வரும் கேபிள், எச்சரிக்கை அமைப்பின் மின் இணைப்பு ஆகியவை மின் நிறுவல் பணிகள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி அவற்றை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில், செய்ய வேண்டும். இந்த உரிமத்தைக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது. குழாய் வேலையில் தேர்ந்த பலர் வேறொருவருடைய மின் உரிமத்தின் நகலைக் காகிதத்தில் இணைத்துவிட்டு, தம் ஆட்களைக் கொண்டே கேபிள் இழுத்துவிடுகிறார்கள். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தீப்பிடித்ததும் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பது வழக்கம், துண்டித்த பிறகும் பம்ப் ஓட வேண்டும். அதனால்தான் பம்புக்கான மின்னூட்டத்தைக் கட்டடத்தின் பிற இணைப்புகளோடு கலக்காமல் தனித்தடத்தில் எடுக்கச் சொல்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தத் தனித்தடத்தைத் தவறான இடத்திலிருந்து எடுத்துவிட்டால் சாதாரணச் சோதனை நாளில் எதுவும் தெரியாது. தீயின்போதுதான் பம்ப் நிற்கும். சொந்தமாக மின் உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ளவருக்கு அப்பகுதி வேலையை எழுத்துமூலம் ஒப்படைத்து, அவருடைய மேற்பார்வையாளர் தளத்துக்கு வந்து சோதித்துக் கையெழுத்திடுவதை உறுதிசெய்துகொள்வதே முறை. 15 மீட்டருக்கு மேற்பட்ட பலமாடிக் கட்டடமானால், மின் ஆய்வாளரின் ஒப்புதல் பெற்ற பின்பே மின்னூட்டம் கொடுக்க வேண்டும் என்பதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீயணைப்பான்களை விற்பது வேறு, அவற்றை நிரப்பித் தருவது வேறு. உலர்தூள் வகையை நிரப்புவதற்குத் தூளின் தரமும் பயிற்சி பெற்ற ஆளும் முக்கியம். கார்பன் டை ஆக்சைடு உருளையோ உயர் அழுத்த வாயுக்கலன் என்பதால், அதை நிரப்பும் நிலையத்துக்கு வாயு உருளைகள் விதிகள், 2016-இன்கீழ் பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பட்டறையில் நிரப்பி வாங்கி, தம் நிறுவனத்தின் ஒட்டுச்சீட்டை ஒட்டுவது சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரான செயல். எந்த நிலையத்தில் நிரப்பப்பட்டது, உருளையின் அழுத்தச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். வாங்கும் கருவியில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 15683 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஐ.எஸ். 2190-ஐப் பின்பற்ற வேண்டும்.

கட்டடத்தின் உயரத்தை முதல் நாளே அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தை உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் வரைகிறது. 16 அல்லது 17 மீட்டர் உயரத்தில் நிற்கும் அடுக்குமாடிக்கு, 'இது உயர்மாடி இல்லை, குறைத்துப் போடுங்கள்' என்று கட்டுநர் சொல்லக்கூடும். திட்ட அனுமதியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் எதை எந்த அளவில் பொருத்த வேண்டும் என்பதை, அனுமதி வரைபடத்தோடு வந்த நிபந்தனைகளையும் தீப் பாதுகாப்பைப் பற்றிய விதித்தொகுப்பின் நான்காம் பகுதியையும் வைத்து முடிவுசெய்து, எழுத்தில் பதிவுசெய்வதே பாதுகாப்பு. 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடமானால், திட்ட அனுமதி கோரி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) செல்லும் கோப்பில் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையில்லாச் சான்றும் இருக்க வேண்டும். அந்தச் சான்றின் நிபந்தனைப் பட்டியலின் முழு நகலையும் கேட்டு வாங்காமல் விலை சொல்லக் கூடாது. பெரும்பாலான தகராறுகள், ஒப்பந்தத்தில் எழுதிய பொருட்பட்டியலும் துறை கேட்ட பட்டியலும் பொருந்தாததால்தான் எழுகின்றன.

நிபந்தனையில் உள்ளதோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்றதையும் பார்க்க வேண்டும். எண்ணூர் முதல் காசிமேடு வரை உப்புக்காற்று. மீஞ்சூர், மணலிப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் கலப்பு. புதைக்கும் இரும்புக் குழாய்க்கு ஐ.எஸ். 10221 சொல்லும் பூச்சும் உறையும் இல்லாவிட்டால் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று உறுதிசொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைத் தீயணைப்புத் தொட்டியில் நிரப்புவதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் முனையத்திலோ சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை கிடைத்தால், அங்கே 'பர்மிட்' என்பதன் பொருளே மாறிவிடுகிறது. அங்கு வடிவமைப்புக்குப் பெட்ரோலியம் விதிகள், 2002-உடன் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தின் (ஓ.ஐ.எஸ்.டி.) தரநிலைகளும் பொருந்தும். முனையங்களுக்கு ஓ.ஐ.எஸ்.டி. 117, சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஓ.ஐ.எஸ்.டி. 116. வேலை அனுமதி முறைக்கு ஓ.ஐ.எஸ்.டி. 105. வெல்டிங், கிரைண்டிங் போன்ற தீப்பொறி எழும் வேலைக்கு ஹாட் ஒர்க் பர்மிட், தொட்டிக்குள் இறங்குவதற்குத் தனி அனுமதி, மண் தோண்டுவதற்கு வேறொன்று என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையெழுத்தாகும். குறித்த இடத்துக்கும் குறித்த நேரத்துக்கும் மட்டுமே அவை செல்லும். நேற்றைய பர்மிட்டை வைத்துக்கொண்டு இன்று வெல்டிங் தொடங்கக் கூடாது. வாயுச் சோதனை முடிந்து, அதன் அளவு படிவத்தில் எழுதப்பட்ட பிறகே பொறி எழ வேண்டும். ஆட்களின் நுழைவுச்சீட்டுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் சில நாட்கள் பிடிக்கும் என்பதை விலைப்புள்ளியிலேயே கணக்கிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஹைட்ரண்ட் வலையின் ஒரு வால்வை மூடும் முன், எந்தப் பகுதி எத்தனை மணி நேரம் பாதுகாப்பின்றி இருக்கும் என்பதை அந்த ஆலையின் தீயணைப்புப் பிரிவிடம் எழுதிக் கொடுத்து, மாற்று ஏற்பாடு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டே மூட வேண்டும்.

வேலை முடிந்ததும் வருவது சான்றளிக்கும் கட்டம். பணி நிறைவுச் சான்று கிடைக்காமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் தாமதமாகும் என்பதால், 'கையெழுத்தைப் போடுங்கள், சோதனையைப் பிறகு பார்க்கலாம்' என்ற நெருக்கடி கட்டுநரிடமிருந்து வருவது இயல்பு. அதற்கு இணங்கக் கூடாது. நிரந்தர மின்சாரம் இல்லாவிட்டாலும் டீசல் பம்பைக் கொண்டும் தற்காலிக ஜெனரேட்டரைக் கொண்டும் சோதனையை நடத்த முடியும். மிக உயரமான, மிகத் தொலைவான ஹைட்ரண்டில் தண்ணீர் பாயும்போது 3.5 பார் அழுத்தம் நிற்கிறதா, மின்பம்ப் நின்றதும் டீசல் பம்ப் தானாக எடுத்துக்கொள்கிறதா, எச்சரிக்கை மணி எல்லாத் தளங்களிலும் கேட்கிறதா என்பவற்றை அளவுகளோடு எழுதி, கட்டுநரின் ஆள், மின் மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் மூவரும் அதே நாளில் கையெழுத்திட வேண்டும். தீயணைப்புத் துறை அதிகாரி ஆய்வுக்கு வரும்போது இந்தத் தாள்தான் முதலில் உதவும். நாளை விபத்து நேர்ந்து விசாரணை வந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். ஒப்படைக்கும் கோப்பில் பொருத்தியபடியான வரைபடம், பம்பின் சோதனைச் சான்று, வால்வுகளின் இருப்பிடப் பட்டியல், உரிமையாளருடைய தீ உரிமம் முடியும் தேதி ஆகியவையும் இருக்கட்டும். புதுப்பிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்றாலும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்ட வேண்டும்.

வெளிமாநில வேலை தேடிவந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே உரிமம் பெற்ற முகமைதான் பொருத்தல் பணிக்குப் படிவம் 'ஏ' என்னும் சான்றையும், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பராமரிப்புச் சான்றையும் தர முடியும். சென்னையில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், அந்த முகமை உரிமத்தை முன்கூட்டியே பெறாமல் மும்பைப் பணிக்கு ஒப்பந்தம் எழுதக் கூடாது.