கடற்கரை ஊரில் சின்ன டெரியர் வளர்ப்பது எப்படி? (உண்ணி பற்றிக் கொஞ்சம் அதிகமாக)

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது 55 நாள் குட்டி. ஜாக் ரஸ்ஸல் டெரியர். மதுரையிலிருந்து பனையோலைக் கூடையில் துணி விரித்து உச்சிப்புளிக்குக் கொண்டு வந்தோம். இப்போது அவளுக்கு 11 வயது. புதிதாகக் குட்டி வாங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டுவதற்காக இங்கிலாந்தில் உருவான இனம் இது. நம் ஊரில் நரிக்குப் பதில் எலி, நண்டு, ஓணான். தோண்டாதே என்று அடித்தால் நிறுத்தாது. கொல்லையில் ஒரு மூலையை அதற்கென்றே விட்டுவிடுங்கள்.

படி 1: குட்டிப் பருவம்

6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். அதன்பின் எந்த ஊசி எப்போது என்பதை டாக்டர் அட்டையில் எழுதித் தருவார், அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடாவருடம் போட்டே ஆக வேண்டும். முதல் சுற்று ஊசிகள் முடியும்வரை தெருமண்ணில் விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் அங்கேதான் தொற்றும்.

சாப்பாடு மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. தயிர்ச்சோறு மட்டும் போதாது. முட்டை, கோழி, முள் நீக்கி அவித்த மீன் கொடுங்கள். மிஞ்சிய மீன்குழம்பை ஊற்றாதீர்கள். அதில் உள்ள வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம், அத்தனை உப்பு ஆகாது.

ஏழு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். சின்ன இனங்களில் பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்து நிற்கும். கருத்தடை அறுவையின்போதே அந்தப் பால்பல்லையும் எடுத்துவிடலாம்.

படி 2: உண்ணி

நான் தடுமாறியது இங்கேதான். சிட்டுவுக்கு இரண்டு வயது. கழுத்தில் சொட்டு மருந்து விட்டேன், உண்ணி போனது. பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி உண்ணி. மருந்து போலி என்று நினைத்துக் கடையை மாற்றினேன். மூன்றாவது முறை அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. ஈறு வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம்.

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக்காய்ச்சல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவு. டாக்டர் 28 நாளுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, "ராத்திரி எங்க படுக்கும்?" என்று கேட்டார். கொல்லைச் சாய்ப்பில், கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே என்றேன். "அப்ப மருந்து அந்தச் சுவத்துக்குத்தான் தம்பி வேணும்" என்றார்.

அன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் விரிசலில், ஓலைக்கும் சுவருக்கும் இடையில், கட்டில் கயிற்று முடிச்சுகளில் எல்லாம் உண்ணி. பழுப்பு நாய் உண்ணி குஞ்சாக, இளசாக, பெரியதாக மூன்று முறை நாய்மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி இடுக்கில் ஒளியும். கடைசியில் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய்மேல் நாம் பார்ப்பது அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

ஆகவே இதை ஒரே நாளில் சேர்த்துச் செய்யுங்கள்:

1. படுக்கைச் சாக்கு, பழந்துணி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் போதாது.
2. சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். இந்த ஒரு வேலைதான் எங்கள் வீட்டில் உண்ணியை நிறுத்தியது. உப்புக்காற்றில் பூச்சு உதிரும், வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள்.
3. டாக்டர் சொல்லும் பூச்சிமருந்தை இடுக்குகளில் அடியுங்கள். காயும்வரை நாயும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள்.
4. நாய்க்குக் குறைந்தது மூன்று மாதம், நடுவில் இடைவெளி விடாமல் உண்ணி மருந்து.

சொட்டு மருந்தைவிட மென்று தின்னும் மாத்திரைதான் நமக்குச் சரி என்பது என் கருத்து. கடலில் இறங்கி, உப்புப்போக வாரம் இரண்டு தடவை குளிக்கும் நாயின் தோலில் சொட்டு மருந்து எவ்வளவு நாள் தங்கும்? ஃப்ளூராலனர் மாத்திரை 12 வாரம் தாங்கும். குட்டிக்கு அஃபாக்சோலனர் மாத்திரை, 8 வாரமும் 2 கிலோவும் தாண்டிய பிறகு. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் ஊற்றவே ஊற்றாதீர்கள், ஏழு கிலோ உடம்பு தாங்காது.

டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். ஐந்தாம் நாளே துள்ளி விளையாடும், ஆனாலும் 28 நாளையும் முடியுங்கள்.

படி 3: நடுவயது

காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின் நடை. மணலில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். வைக்க முடியவில்லையா, நாயும் நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் விரலிடுக்கில் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கடைசிக் குடமாவது நல்ல தண்ணீராக ஊற்றினால் தோல் அரிக்காது.

விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. எடை சரியா என்பதற்கு அதுதான் அளவு.

டெரியர்களுக்குக் கண்ணில் லென்ஸ் நழுவும் பரம்பரை நோய் உண்டு. கண் சிவந்து, கலங்கி, மூடி மூடித் திறந்தால் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். பெரிய சிகிச்சை என்றால் நாங்கள் போவது திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு.

பின்சேர்க்கை: கரையில் கிடக்கும் பேத்தை

தொண்டியிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்ட பிறகு இதைச் சேர்க்கிறேன். கரைவலை இழுத்த இடத்தில் வேண்டாத மீனை வீசிவிட்டுப் போவார்கள். அதில் உடம்பைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனும் கிடக்கும். ஒரு நாள் சிட்டு ஒன்றை முகர்ந்தபோது வலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏய் தம்பி, நாயப் புடி, அது பேத்த!" என்று கத்தினார். அவர் கத்தியதால்தான் கயிற்றை இழுத்தேன். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு, காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை. வாந்தி, கால் தள்ளாட்டம், பிறகு மூச்சுத் திணறல். தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் வண்டியை எடுங்கள்.

ஆமை முட்டையிடும் மாதங்களில் கடற்கரையில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். தோண்டும் நாய் கூட்டைக் கிளறிவிடும்.

படி 4: முதுமை

எட்டு வயதிலிருந்து வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை, பல் சுத்தம். திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை பாருங்கள். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அதற்குத் தாமதம் கூடாது.

சிட்டு இப்போது கட்டிலில் தாவி ஏறுவதில்லை, பக்கத்தில் ஒரு பலகைப் படி போட்டிருக்கிறோம். டைல்ஸ் வழுக்குவதால் அவள் நடக்கும் வழியெல்லாம் கோரைப்பாய். நடை குறைந்ததால் நகம் தேய்வதில்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான் வெட்டிவிடுகிறேன். கொல்லை மூலையில் அவள் குழி இன்னும் இருக்கிறது. சாயங்காலம் போய் இரண்டு தடவை மண்ணைப் பறித்துவிட்டு அதிலேயே படுத்துக்கொள்கிறாள். அந்த மண்ணை வாரம் ஒரு முறை சலித்து, முள் பொறுக்கிப் போடுகிறேன்.