குழந்தைக்குப் பொன்னியின் செல்வன்: ஓவியப் பதிப்பைப் பார்த்து வாங்குவது எப்படி?

பத்து, பதினொரு வயதில் தமிழ்க் கதைப் புத்தகத்தைத் தானாகவே எடுத்துப் படிக்கும் பிள்ளைக்குப் பொன்னியின் செல்வனைத் தாராளமாகக் கொடுக்கலாம். 2022இலும் 2023இலும் திரைப்படம் வந்த பிறகு, ‘முழுக் கதையும் வேண்டும்’ என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். எந்தப் பதிப்பை வாங்குவது என்பதில்தான் பெற்றோர் திணறுகிறார்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே நாவல் பல விலைகளில், பல அட்டைகளில் கிடைக்கிறது. நாட்டுடைமை ஆனது எழுத்துதான். ஓவியங்களின் உரிமை வேறு. ஆகவே அட்டையில் ‘ஓவியங்களுடன்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். யார் வரைந்தது, எத்தனை படங்கள், எப்படி அச்சாகியிருக்கின்றன என்று உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எந்த வகைப் புத்தகம் என்று முடிவு செய்யுங்கள். முழு நாவலும் ஓவியங்களும் சேர்ந்தது ஒரு வகை. சிறுவர்களுக்கென்று சுருக்கி எழுதியது இன்னொன்று. நிலா காமிக்ஸ் வெளியிட்டதைப் போன்ற படக்கதை மூன்றாவது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் படக்கதை நல்ல தொடக்கம். சுருக்கப் பதிப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இந்த நாவலின் சுவை பேச்சில் இருக்கிறது: ஆழ்வார்க்கடியானின் வம்பு வழக்கு, வந்தியத்தேவன் வாய்க்கு வந்தபடி கதை கட்டும் வேகம், பூங்குழலியின் பாட்டு. சுருக்குபவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். கடைசியில் மிஞ்சுவது யார் யாருக்கு என்ன உறவு என்ற பட்டியல்தான். பிள்ளை தனியாகப் படிக்கத் திணறினால், முழுப் பதிப்பையே வாங்கி இரவில் ஓர் அத்தியாயம் நீங்கள் படித்துக் காட்டுங்கள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை என்பதால் பெரும்பாலான அத்தியாயங்கள் ஒரே மூச்சில் படிக்கும் நீளத்தில், நல்ல இடத்தில் வந்து நிற்கும்.

இனி நாம் பேசப்போவது முழுப் பதிப்பைப் பற்றி.

எழுத்து முழுமையாக இருக்கிறதா?

கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பொருளடக்கத்தைத் திறந்து ஐந்து பாகங்களின் அத்தியாயங்களையும் எண்ணுங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91, ஆக மொத்தம் 293. முதல் பாகம் ‘ஆடித்திருநாள்’ என்று தொடங்கி ‘மாய மோகினி’யில் முடிய வேண்டும். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது!’. அதற்குப் பின் கல்கி எழுதிய முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கதாபாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று படித்து முடித்த பிள்ளை கேட்காமல் இருக்காது. அதற்கு ஓரளவு பதில் அந்த முடிவுரையில்தான் உண்டு.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பிழை மலிந்த பதிப்புகள் உண்டு. பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து மென்பொருளால் எழுத்தாக மாற்றிவிட்டு, மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளிகள் காணாமல் போகும், ன-ண-ள குழம்பும். ஒரு சொல்லை மட்டும் தேடிப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அது ‘வானர் குலம்’ என்றோ ‘வானர குலம்’ என்றோ அச்சாகியிருந்தால் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள். பெரியவர்கள் அதைப் பிழை என்று தாண்டிப் போவார்கள். பிள்ளையோ கதாநாயகன் குரங்குக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றே நினைத்துக்கொள்ளும். பாட்டு வரும் பக்கம் ஒன்றையும் பாருங்கள். அடிகள் தனித்தனி வரியாக இல்லாமல் உரைநடையோடு ஒட்டிக் கிடந்தால், அந்தப் பதிப்பை யாரும் படித்துப் பார்க்காமல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எழுத்தின் அளவுக்கு ஓர் அளவுகோல் போதும். தொடர்ந்து பத்து வரிகள் எத்தனை சென்டிமீட்டர் உயரம் வருகின்றன என்று அளந்து பாருங்கள். 6 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பிள்ளைக்கு வசதி. 5 செ.மீ.க்குள் அடங்கினால், பக்கத்தை மிச்சம் பிடிக்க வரிகளை நெருக்கியிருக்கிறார்கள். கண் ஒரு வரியை விட்டு அடுத்ததற்குத் தாவும். பழைய கல்கி இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்த பைண்டிங் தொகுப்பு சில வீடுகளில் இருக்கும். பெரியவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் அதில் ணை, லை, றா போன்றவை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருப்பதால் இன்றைய பிள்ளை வரிக்கு வரி தடுக்கி நிற்கும். அதில் படங்களைக் காட்டுங்கள், படிக்கப் புதிய பதிப்பைக் கொடுங்கள்.

ஓவியங்கள்

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது வரைந்தவர் மணியம். பிறகு அதே இதழில் மறுபடி மறுபடி வெளியானபோது வினு, பத்மவாசன், வேதா ஆகியோரும் வரைந்தார்கள். எல்லாமே ரசிக்கத்தக்கவை. ஆனாலும் பிள்ளைக்கு முதல் பதிப்பாக மணியம் ஓவியங்கள் உள்ளதையே வாங்கச் சொல்வோம். கதை எழுத எழுத, கல்கியின் கூடவே இருந்து வரைந்தவர் அவர். குந்தவையின் கொண்டைக்கும் நந்தினியின் கொண்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், பிள்ளை எந்தப் பக்கத்திலும் இருவரையும் குழப்பிக்கொள்ளாது. இத்தனை பாத்திரங்கள் உள்ள கதையில் ஓவியத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் உதவி அதுதான். வானதி பதிப்பகமும் விகடன் பிரசுரமும் மணியம் ஓவியங்களுடன் பதிப்புகள் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் ஒரே பதிப்பகத்தில் படங்கள் உள்ள பதிப்பும் படமில்லாத மலிவுப் பதிப்பும் தனித்தனியாக இருக்கக்கூடும். பதிப்பகத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், ‘மணியம் படம் உள்ளது’ என்று சொல்லியே கேளுங்கள்.

அச்சுத் தரத்தைப் பார்க்க ஒரு கோட்டோவியத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். நகை, புருவம், திரைச்சீலையின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களில் நுண்ணிய கோடுகள் இருக்கும். அவை தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல ஸ்கேன். ஒட்டியாணமும் வங்கியும் கரிய திட்டாக அப்பியிருந்தால், ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்ததைப்போலக் குறைந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கோட்டோவியத்துக்கு ஸ்கேன் துல்லியம் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல் வேண்டும். புகைப்படத்துக்குப் போதுமான 300 டிபிஐயில் எடுத்தால் கோட்டின் ஓரம் படிக்கட்டாக உடையும். வெள்ளையாக இருக்க வேண்டிய பின்புலம் முழுக்கச் சாம்பல் புள்ளியாகத் தெரிந்தால், பழைய தாளின் மஞ்சளை நீக்காமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். வண்ணப் படங்களில் கட்டம் கட்டமாகவோ அலை அலையாகவோ ஒரு கோலம் தெரியும். ஏற்கெனவே புள்ளிகளால் அச்சான படத்தைப் புள்ளிகளை மழுப்பாமல் மறுபடி அச்சிட்டதால் வருவது அது. கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், முகத்தையே மறைக்கும் அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

இன்னும் இரண்டு கோளாறுகளைப் பலர் கவனிப்பதில்லை. பக்க அளவுக்குப் பொருத்துவதற்காகப் படத்தை அகலவாட்டில் இழுத்துவிடுவார்கள். முழு நிலவு, நேராகத் தெரியும் கேடயம் போன்ற வட்டங்கள் வட்டமாகவே இருக்கின்றனவா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். இரண்டாவது, ஓரங்களை வெட்டுவது. மூலையில் ஓவியரின் கையெழுத்து பாதியில் நின்றால் படமும் பாதியில் நிற்கிறது. பத்திரிகைப் பக்கத்துக்கென்று வரைந்த படங்கள் இவை. டெமி அளவுப் புத்தகத்தில், அதாவது சுமார் 14 × 21.5 செ.மீ. பக்கத்தில், கால் பக்கமாகச் சுருக்கினால் கூட்டக் காட்சிகளில் முகம் தெரியாது. டெமியில் வாங்குவதானால் முழுப்பக்கப் படங்கள் உள்ளதாகப் பாருங்கள். 18 × 24 செ.மீ. அளவில் வரும் பெரிய பதிப்புகள் படத்துக்கு நல்லவை, ஆனால் கனமானவை. மேசையில் வைத்துப் படிக்கும் பிள்ளைக்குப் பெரியது, படுத்துக்கொண்டும் பயணத்திலும் படிக்கும் பிள்ளைக்கு டெமி.

படம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது அச்சைவிட முக்கியம். கதையின் முதல் மர்மம் மூடுபல்லக்கு. விண்ணகரக் கோயில் வாசலில் அதைப் பார்க்கும் நமக்கு, உள்ளே இருப்பது யார் என்று எட்டாம் அத்தியாயமான ‘பல்லக்கில் யார்?’ வரை தெரியக் கூடாது. பல்லக்கிலிருந்து ஆள் இறங்கும் படத்தை, பெயர் போட்ட படக்குறிப்போடு அதற்கு முன்னால் எங்காவது வைத்துவிட்டால் கல்கி கட்டிய எதிர்பார்ப்பு அத்தனையும் வீண். வண்ணப் படங்களை எல்லாம் தனித்தாளில் அச்சிட்டு நூலின் தொடக்கத்தில் மொத்தமாகச் சேர்க்கும் பதிப்புகளில் இந்த ஆபத்து அதிகம். குறிப்பாக ஐந்தாம் பாகத்தில், கடம்பூர் மாளிகையில் நடப்பதைப் படம் முன்கூட்டியே காட்டிவிடும். வேறு எல்லா விதத்திலும் பதிப்பு நன்றாக இருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம். அந்தப் படத்தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டு, உரிய அத்தியாயம் வந்ததும் திறந்து காட்டினால் போதும்.

தாளும் பைண்டிங்கும்

தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளுக்குக் குறையக் கூடாது. அதைவிட மெல்லியதென்றால் பின்பக்கத்து ஓவியத்தின் கருமை இந்தப் பக்கத்து வரிகளுக்கு நடுவே நிழலாகத் தெரியும். கண் கூசாத இளமஞ்சள் தாள் படிக்க இதம். ஆனால் வண்ணப் படம் அதில் மங்கும். அதனால் படங்களை மட்டும் வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்டிருப்பது நல்லது.

இந்தப் புத்தகத்தைப் பிள்ளை ஒரு முறை படித்துவிட்டு வைக்கப்போவதில்லை. எனவே நூல் தையல் போட்ட கெட்டி அட்டைப் பதிப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் செலவு இல்லை. புத்தகத்தை மூடி, முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். மடித்த தாள்கள் சிறு சிறு கட்டுகளாகத் தெரிந்தால் தையல். ஒவ்வொரு கட்டின் நடுப்பக்கத்திலும் நூல் ஓடுவதைக் காணலாம். எல்லாத் தாளும் தனித்தனியாகப் பசையில் குத்தி நின்றால் பெர்ஃபெக்ட் பைண்டிங். முதுகின் உச்சியில் ஒட்டியிருக்கும் வண்ணத் துணிப்பட்டை அழகுக்குத்தான், அதை வைத்துத் தையல் என்று முடிவு செய்யாதீர்கள். பசை பைண்டிங்கில் முதலில் கழன்று வருவது ஆர்ட் தாள் படங்கள்தான். வழவழப்பான தாளைப் பசை சரியாகப் பிடிக்காது. ஐந்து பாகங்களையும் ஒரே நூலாகக் கட்டிய பதிப்பைப் பிள்ளைக்கு வாங்கவே வேண்டாம். தூக்க முடியாது, நடுவில் விரித்தால் உட்பக்க எழுத்து மறையும், முதுகும் சீக்கிரம் பிளந்துவிடும்.

எங்கே, எப்படி வாங்குவது?

பல பதிப்புகளை ஒரே நாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிட, சென்னை நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியைப் போன்ற இடம் வேறில்லை. வழக்கமாகப் பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் பெரிய பதிப்பகங்கள் கடை போடுகின்றன. பிள்ளையை உடன் அழைத்துப் போய் முதல் அத்தியாயத்தில் வீராணம் ஏரிக்கரைப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்வதை எண்ணும் அந்த இடத்தைத் தட்டுத் தடுமாறியாவது ஆர்வமாகப் படித்தால் வாங்கிவிடலாம். அரைப் பக்கத்திலேயே புத்தகத்தைக் கீழே வைத்தால் இன்னும் ஓராண்டு போகட்டும்.

இணையத்தில் வாங்கினால் மொத்தப் பக்க எண்ணிக்கை, பக்க அளவு, ஓவியரின் பெயர், கெட்டி அட்டையா என்ற நான்கும் விவரத்தில் இருக்க வேண்டும். உள்பக்கப் படம் இல்லாத விளம்பரத்தை விட்டுவிடுங்கள். பார்சல் வந்த அன்றே ஐந்து பாகங்களையும் புரட்டி, வெற்றுப் பக்கம், இரு முறை வந்த ஃபாரம் (ஒன்றாக அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு), தலைகீழாகக் கட்டிய ஃபாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக ஒரு ஃபாரம் 16 பக்கம். அது விட்டுப்போனால் ஒரு முழு அத்தியாயமே போய்விடும். ஐந்தாம் பாகத்தைப் பிள்ளை எட்டும்போது மாற்றித் தரும் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

பாகம் பாகமாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தனித்தனியாக விற்கும் பதிப்பகமானால் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை கடம்பூரைத் தாண்டிவிட்டால் மீதி நான்கையும் உடனே வாங்கிவிடுங்கள். அடுத்த அச்சில் அளவும் அட்டையும் மாறிவிட்டால் அலமாரியில் செட் சேராது.

வரைபடம் உள்ள பதிப்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓர் ஏ4 தாளில் வீராணம், கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, கடலுக்கு அப்பால் அனுராதபுரம் என்று நீங்களே குறித்து முதல் பாகத்தின் உள்ளட்டையில் செருகி வையுங்கள். வந்தியத்தேவன் குதிரை போன வழியைப் பிள்ளை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வரட்டும்.